உள்ளேன் அம்மா

செந்திலுக்கு,

இதைப் போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை முயன்றேன். நீ போனை எடுத்ததும் பேச மாட்டாய். மூச்சுச் சத்தம் மட்டும் வரும். நான்தான் "என்னய்யா, இருக்கியா?" என்று தொடங்க வேண்டும். தொடங்கினால் பிரஷர் மாத்திரை, பிள்ளைகளின் இருமல், செக்காலை ரோட்டில் மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கும் குழி என்று பேச்சு எங்கெங்கோ போகும். கடைசியில் "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று நீ வைத்துவிடுவாய். பிரின்சிபால் ஆன பிறகு உனக்கு மீட்டிங் இல்லாத நேரமே கிடையாது. அதனால் எழுதுகிறேன். ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியாரம்மாவின் கடிதம், நீளமாகத்தான் இருக்கும். வள்ளியிடம் காபி போட்டுத் தரச் சொல்லி உட்கார்ந்து படி. திங்கட்கிழமைக்குள் படித்துவிடு.

உன் பதவியேற்பு விழாவில் வள்ளி என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தாள். மாலையும் பொன்னாடையுமாக நீ மேடையில் நின்றபோது, உங்கப்பா இருந்து பார்த்திருக்கலாமே என்று எனக்குக் கண் கலங்கியது. அப்புறம் வாசலில் நீ மாட்டியிருக்கும் கேமராவைப் பற்றிச் சொன்னாய். பிள்ளைகள் உள்ளே வரவர, திரையில் ஒவ்வொரு முகத்தைச் சுற்றியும் பச்சைக் கட்டம் விழுந்தது. கீழே பேர் வந்தது, பக்கத்தில் ஒரு டிக். வராத பிள்ளையின் வீட்டுக்குப் பத்து மணிக்குள் தானாகவே மெசேஜ் போய்விடும் என்றாய். "இனிமேல் இந்தக் காலேஜில் ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் அட்டண்டன்ஸ் சொல்ல முடியாது" என்று நீ சொன்னதும் எல்லோரும் கை தட்டினார்கள். அப்போது நீ கூட்டத்தில் எல்லாப் பக்கமும் பார்த்தாய். முதல் வரிசையை மட்டும் பார்க்கவில்லை. விழா முடிந்து நானும் அந்த வாசல் வழியாகத்தான் வந்தேன். என் முகத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் விழுந்து 'அடையாளம் தெரியாத நபர்' என்று வந்தது. வாட்ச்மேன் சிரித்துவிட்டு, "பிரின்சிபால் சாரோட அம்மாவையே யாருன்னு தெரியலங்குது பாருங்க" என்றார். நானும் சிரித்தேன். காரில் ஏறிய பிறகு, திருப்பத்தூர் தாண்டும் வரைக்கும் அந்தச் சிவப்புக் கட்டத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அதோடு விட்டிருப்பேன். போன வியாழக்கிழமை நீ போனில் சொன்ன விஷயம்தான் என்னைத் தூங்க விடவில்லை. இரண்டாம் வருஷத்துப் பெண், ஆயிஷா, வாரக்கணக்காகக் கல்லூரிக்கு வரவில்லை, திங்கட்கிழமை பேரை நீக்கும் உத்தரவில் கையெழுத்துப் போடப் போகிறேன் என்று வேறு ஏதோ பேச்சின் நடுவில் சொன்னாய். "ஏன் வரலையாம்?" என்று கேட்டேன். "தெரியலம்மா. தினமும் மெசேஜ் போகுது. நீல டிக்கும் விழுகுது, பாத்திருக்காக. ஒரு பதிலும் இல்ல" என்றாய். பார்த்தது யார் என்று கேட்டேன். அவளுடைய அப்பா, சவுதியில் டிரைவராக இருக்கிறார் என்றாய். வகுப்பில் அவளோடு உட்காருகிற பிள்ளைகளிடம் விசாரித்தாயா என்றேன். "அது டிபார்ட்மெண்ட் வேலைம்மா, நான் எல்லாத்தையும் பார்க்க முடியுமா" என்றாய். குரலில் சலிப்பு இருந்தது. போனை வைத்தபோது என் காதில் இன்னொரு பிள்ளையின் பேர் கேட்டது. அந்தப் பேரை நம் வீட்டில் நீயும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

பாண்டிச்செல்வம்.

படிக்கும்போது உனக்குக் கஷ்டமாக இருந்தால் எழுந்து முகம் கழுவிவிட்டு வா. நான் வேலை பார்த்த கல்லூரியில் நீ படித்தபோது அவன் உன் வகுப்பு, உன் பெஞ்சு. ஆத்தங்குடியிலிருந்து பஸ்ஸில் வருவான். அவனுடைய அப்பா தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தார், விரல் நகத்தில் எப்போதும் காவி நிறம் ஒட்டியிருக்கும். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் பாண்டிதான். கேட்டது காமர்ஸ், கிடைத்தது கணிதம். வந்து உட்கார்ந்தவனுக்கு நான் நடத்தியது எதுவும் ஏறவில்லை. ஆனால் "புரிஞ்சதாப்பா?" என்று கேட்டால் முதல் ஆளாகத் தலையை ஆட்டி, "புரிஞ்சுச்சும்மா" என்பான். முதல் வருஷத் தேர்வுத் தாளைத் திருத்தும்போதுதான் ஒரு வரிகூடப் புரியவில்லை என்று எனக்குத் தெரிந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். "நீங்க இம்புட்டு நேரம் தொண்ட வறளச் சொல்றீக. புரியலன்னு எப்புடிம்மா சொல்றது?" என்றான். எனக்கு மனசு கஷ்டப்படக் கூடாது என்பதற்காக வருஷம் பூராவும் புரிந்த மாதிரி உட்கார்ந்திருந்தவன் அவன். அன்றைக்குச் சிரித்துவிட்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

நான் ரோல் நம்பரைச் சொல்லிக் கூப்பிட மாட்டேன், பேரைத்தான் கூப்பிடுவேன் என்பது உனக்குத் தெரியும். பிரசன்ட், எஸ் மேடம் எல்லாம் என் வகுப்பில் செல்லாது, 'உள்ளேன் அம்மா' என்றுதான் சொல்ல வேண்டும். உனக்கு மட்டும் அது பெரிய சங்கடம். பெற்ற தாயை நாற்பது பேர் நடுவில் அம்மா என்று சொன்னால் பையன்கள் கேலி செய்வார்கள் என்று 'உள்ளேன்' என்பதோடு முழுங்கிவிடுவாய். அதற்கே பின் பெஞ்சில் சிரிப்பார்கள். பாண்டி அப்படி இல்லை. 'உள்ளேன் அம்மா' என்று சொல்லும்போது கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, வாசலில் வந்து நின்று பசிக்கிறது என்று சொல்லும் பிள்ளை மாதிரி சொல்வான். அந்த ஒரு குரலுக்காகவே நான் அவன் பேர் வரும்போது நிமிர்ந்து பார்ப்பேன்.

நம் ஊரில் தையும் மாசியும் வந்துவிட்டால் கல்லூரியில் பாதி பெஞ்சு காலியாக இருக்கும். உன் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். எந்தப் பெரிய வீட்டைப் பார்த்தாலும் கல்யாணம், பந்தி பந்தியாகச் சாப்பாடு, இலை போடவும் பரிமாறவும் ஆள் போதாது. சமையல் மாஸ்டர்கள் கல்லூரி வாசலுக்கே வந்து பையன்களைக் கூட்டிப் போவார்கள். பாண்டி மாதிரிப் பையன்களுக்கு அந்த இரண்டு மாத வேலைதான் வருஷம் முழுவதற்கும் பஸ், சட்டை, புத்தகம் எல்லாம். வராத நாள் கூடிப்போனால் பரீட்சை எழுத விட மாட்டார்கள். அதற்காக, வராதவனுக்கு வந்தவன் குரல் கொடுப்பது என்பது அந்தக் கல்லூரியில் ஒரு பழக்கமாகவே இருந்தது. எங்களுக்கும் தெரியும். தெரியாத மாதிரி குனிந்து டிக் போடுவோம். எங்கள் பிரின்சிபாலே ஸ்டாஃப் ரூமில், "ஏழப் பிள்ளைக. நம்ம காலேஜ்ல ஒருத்தன்கூட அட்டண்டன்ஸ்னால நிக்கக் கூடாது, பாத்துக்கங்க" என்று சொல்வார். நாங்கள் அதைப் பெரிய நல்ல காரியமாக நினைத்துப் பெருமைப்பட்டோம். பக்கத்து ஊர்க் கல்லூரியில் இரக்கமே இல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள், நாங்கள் அப்படி இல்லை என்று வெளியில் சொல்லிக்கொள்ளவும் செய்தோம்.

நீங்கள் இரண்டாம் வருஷம் படித்தபோது தை மாதம் பாண்டியும் ஒரு மாஸ்டரோடு போனான். என் வகுப்பில் குரல் கொடுக்க மற்றவர்களுக்குப் பயம். மாட்டினால் மேடம் மகன் வீட்டோடு திட்டு வாங்கிக்கொள்வான் என்று உன் தலையில் கட்டிவிட்டார்கள் போல. "பாண்டிச்செல்வம்" என்றேன். "உள்ளேன் அம்மா" என்று வந்தது, கடைசி எழுத்தை இழுத்தபடி. இத்தனை வருஷமாக நான் உன்னிடம் சொல்லாதது இதுதான், செந்தில். அது உன் குரல் என்று எனக்கு முதல் நாளே தெரியும். பெற்றவளுக்குப் பிள்ளையின் குரல் தெரியாமல் போகுமா? வகுப்பில் நீ என்னை ஒருமுறைகூட அம்மா என்று கூப்பிட்டதில்லை. அவன் குரலில் ஒளிந்துகொண்டு கூப்பிட்டாய். எனக்கு அது பிடித்திருந்தது. சிநேகிதனுக்காக என் மகன் இவ்வளவு துணிகிறானே என்றும் உள்ளூரச் சந்தோஷம். அதனால் குனிந்தபடியே டிக் போட்டேன். மறுநாளும் போட்டேன். மாசி முடிந்து பங்குனி பிறந்த பிறகும், கல்யாணங்கள் குறைந்த பிறகும், அந்தக் குரல் வந்துகொண்டே இருந்தது. மாஸ்டர் வெளியூர் வேலைக்குக் கூட்டிப் போயிருப்பார் என்று நீ நினைத்தாய். நீ நினைப்பதில் தப்பிருக்காது என்று நானும் இருந்துவிட்டேன்.

பங்குனியில் ஒரு நாள் அவனுடைய அப்பா கல்லூரிக்கு வந்தார். குலசாமி கும்பிடக் குடும்பத்தோடு போகிறார்கள், மகனையும் கூட்டிப் போகலாம் என்று வந்திருக்கிறார். ஆபீஸில் கேட்டதற்கு, "வந்திருக்கான், சாயங்காலம் விட்டதும் வருவான், இருங்க" என்று சொல்லிவிட்டார்கள். அவர் போய் வாசல் பக்கம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் நான் வெளியே வரும்போது போகிற பையன்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டம் வடிந்த பிறகும் நின்றார். என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"எல்லாப் பிள்ளைகளும் போயிருச்சா டீச்சரம்மா? எம்மகன் இன்னும் வரலயே."

"அண்ணே, அவன் இன்னைக்கு வரலையே."

"வந்திருக்கான்னு ஆபீஸ்ல சொன்னாகளே."

"இல்லண்ணே. வரல."

"சரி, நேத்து வந்தானா?"

அவர் என் முகத்தையே பார்த்தார்.

"நேத்தும் வரல" என்றேன்.

"அதுக்கு முந்தின நாளு?"

அதற்கு முந்தின நாளும் இல்லை. அதற்கும் முந்தின நாள்? பாண்டியைக் கடைசியாக என்றைக்குப் பார்த்தேன் என்று யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றாய், உனக்கும் தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தினமும் அவன் பேருக்குப் பதில் வந்ததால், அவன் வந்த நாளும் வராத நாளும் எங்கள் எல்லோருக்கும் ஒன்றாகக் கலந்துவிட்டது. "கல்யாண வேலைக்குப் போயிருப்பான்" என்று இழுத்தேன். "அந்த மாஸ்டரத்தாம்மா காலையில மொதல்ல பாத்தேன். வேல முடிஞ்சு எப்பயோ போயிட்டான், காலேஜ்லதான் இருப்பான்னாக" என்றார் அவர். வீட்டில், மாஸ்டரோடு இருக்கிறான் என்று நினைத்திருந்தார்கள். மாஸ்டர் காலேஜில் இருக்கிறான் என்று நினைத்தார். காலேஜில் அவன் இருந்தான், குரலாக மட்டும்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஒரு ஆறுதலாக இருந்திருக்கும். துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவர் மாதிரி நின்றார். நீ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, "வாங்கப்பா, பஸ் ஸ்டாண்டுல விடுறேன்" என்றாய். பின்னால் உட்கார்ந்துகொண்டு உன் இடுப்பைப் பிடித்தபடி அவர் போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பஸ் ஸ்டாண்டு போகும் வரைக்கும் நீங்கள் இரண்டு பேரும் என்ன பேசினீர்கள், நீ அவரிடம் உண்மையைச் சொன்னாயா என்று நான் கேட்டதே இல்லை. இப்போதும் கேட்கவில்லை. அது உனக்கும் அவருக்கும் உள்ளது.

அப்புறம் நடந்தது உனக்கும் தெரியும். இன்ஸ்பெக்டர் வந்து கடைசியாகப் பையனைப் பார்த்தது எப்போது என்று கேட்டார். எங்கள் பிரின்சிபால் நல்ல மனிதர். மறைக்கவில்லை. பதிவேட்டை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது, பையன்கள் ஒருவருக்கொருவர் குரல் கொடுப்பது இங்கே வழக்கம் என்று தலைகுனிந்து சொன்னார். நானும் பக்கத்தில் நின்றேன். அந்த இன்ஸ்பெக்டர் கோபப்படக்கூட இல்லை. "அப்ப எந்தத் தேதியிலேர்ந்து சார் தேடறது?" என்று கேட்டார். மதுரை, திருச்சி, சென்னை என்று ஆஸ்பத்திரி, ரயில்வே ஸ்டேஷன் எல்லாம் தேடினார்கள். பாண்டி கிடைக்கவில்லை. உயிரோடும் கிடைக்கவில்லை, வேறு விதமாகவும் கிடைக்கவில்லை. பாடம் புரியாமல், அதைச் சொல்லவும் முடியாமல் எங்காவது போய்விட்டானா, யாராவது வேலை தருகிறேன் என்று கூட்டிப் போனார்களா, ஏதாவது நேர்ந்துவிட்டதா, ஒன்றும் தெரியாது. அந்த வருஷத்திலிருந்து ரிட்டயர் ஆகும் வரைக்கும் பிரின்சிபால் தினமும் காலையில் கல்லூரி வாசலில்தான் நின்றார். வெயிலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லி, சாப்பிட்டாயா, நேற்று ஏன் வரவில்லை என்று கேட்பார். பையன்கள் அவரை வாட்ச்மேன் என்று கேலி செய்தார்கள். அவர் கவலைப்படவில்லை.

ஜூன் மாதம் கல்லூரி திறந்த அன்று பாண்டியின் அப்பா மறுபடியும் அந்த மரத்தடியில் நின்றார். நான் கிட்டே போனேன். "எம்மகன் பேரக் கூப்புடுறீகளாம்மா?" என்று கேட்டார். "பேர எடுத்துறாதீகம்மா. எங்குட்டாச்சும் இருந்து திரும்பி வந்தா, பேரு இல்லன்னா உள்ள விட மாட்டாக" என்றார். பிரின்சிபாலிடம் போய்ச் சொன்னேன், அவரும் மறுப்புச் சொல்லவில்லை. மூன்றாம் வருஷம் முழுவதும் நான் உங்கள் வகுப்பில் தினமும் "பாண்டிச்செல்வம்" என்று கூப்பிட்டேன். கூப்பிட்டுவிட்டு, பதில் வருமா என்று கொஞ்சம் காத்திருப்பேன். யாரும் இருமக்கூட மாட்டார்கள். மின்விசிறி மட்டும் சுற்றும். பிறகு அடுத்த பேருக்குப் போவேன். ஒரு தகப்பனுக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றுகிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் உட்கார்ந்த பெஞ்சில் அவன் இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, நீ தினமும் அந்த அமைதியைத் தாங்கினாய் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. என்னை மன்னித்துவிடு, அய்யா. அந்த வருஷத்தில்தான் நீ பதில் சொல்வதை நிறுத்தினாய். வீட்டில் அடுப்படியிலிருந்து "செந்திலு" என்று கூப்பிட்டால் முன்பெல்லாம் மாடியிலிருந்தே "என்னம்மா" என்று சத்தம் வரும். அது நின்றுவிட்டது. கூப்பிட்டால் இறங்கி வந்து பேசாமல் நிற்பாய். வயசுக் கோளாறு என்று உங்கப்பா சொன்னார். கல்யாணமாகி வந்த வள்ளி என்னிடம், "ஏன் அத்தே, இவுகளக் கூப்புட்டா ஒரு சத்தம் குடுக்க மாட்டாகளா? சுவத்தோட பேசுற மாதிரி இருக்கு" என்று குறைப்பட்டாள். நீ சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்று நான் அவளிடம் பொய் சொன்னேன்.

எனக்கும் ஒன்று மிச்சம் இருக்கிறது, அதையும் கேட்டுக்கொள். கல்யாண வீட்டுக்குப் போனால் என்னால் இலையைப் பார்த்துச் சாப்பிட முடிவதில்லை. பரிமாற வருகிற ஒவ்வொரு பையனையும் நிமிர்ந்து பார்க்கிறேன். பாண்டி இருந்தால் இன்றைக்கு உன்னைப் போல் தலை நரைத்திருப்பான், அவனுக்கும் பிள்ளைகள் இருக்கும். ஆனால் நான் தேடுவது அரும்பு மீசையோடு சாம்பார் வாளி தூக்கும் பையனைத்தான். "இன்னுங் கொஞ்சம் ஊத்தவாம்மா?" என்று எவனாவது கடைசி எழுத்தை இழுத்தால் போதும் என்று கை காட்ட மறந்துவிடுகிறேன். போன தை மாதம் இங்கே காரைக்குடியில் ஒரு கல்யாணத்தில் ஒரு பையனிடம் "நீ எந்த ஊருப்பா, எந்தக் காலேஜு?" என்று கேட்டேன். அவன் பயந்துபோய் நகர்ந்துவிட்டான். கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பான்.

இப்போது உன் கேமராவுக்கு வருகிறேன். அதை எதற்கு மாட்டினாய் என்று உன் கல்லூரியில் வேறு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். இன்னொரு பிள்ளை குரலாக மட்டும் வந்து போகக் கூடாது என்று நினைத்திருக்கிறாய். அந்த நினைப்புக்காக உன்னைக் கும்பிடலாம். மிஷினும் இருக்கட்டும். அது பொய் சொல்லாது. ஆயிஷா வரவில்லை என்று தினமும் உன்னிடம் சொல்கிறது, எங்களுக்குக் கிடைக்காத தேதி உன்னிடம் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று பார். மெசேஜ் போய்விட்டது என்று நீ நினைக்கிறாய். வீட்டில் பார்த்துக்கொள்வார்கள் என்று டிபார்ட்மெண்ட் நினைக்கிறது. கல்லூரியில் விசாரிப்பார்கள் என்று சவுதியில் அவளுடைய அப்பா நினைத்துக்கொண்டிருப்பார், பாவம், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அந்த மெசேஜையே பார்த்துக்கொண்டிருக்கிறாரோ என்னவோ. நாங்கள் அன்றைக்குச் செய்ததும் இதேதான். நாங்கள் டிக் போட்டுவிட்டு யாரும் போய்ப் பார்க்கவில்லை. நீங்கள் மெசேஜ் அனுப்பிவிட்டு யாரும் போய்ப் பார்க்கவில்லை.

வருஷா வருஷம் ரிசல்ட் வந்ததும் பஸ் ஸ்டாண்டு எதிரில் கல்லூரிகள் பிளெக்ஸ் வைக்கின்றன. நூறு சதவீதத் தேர்ச்சி என்று போட்டிருக்கும், ரேங்க் வாங்கிய பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். உன் கல்லூரியும் அடுத்த வருஷம் வைக்கும், நீயும் அதில் கோட் போட்டுக்கொண்டு நிற்பாய். நில், எனக்கும் பார்க்க ஆசைதான். ஆனால் திங்கட்கிழமை நீ போடப் போவது மாதிரிக் கையெழுத்துப் போட்டு வெளியே அனுப்பிய பிள்ளைகளைக் கழித்துவிட்டால் எந்தக் கல்லூரிக்கும் நூறு வந்துவிடும். முப்பத்து மூன்று வருஷம் கணக்கு நடத்தியவள் சொல்கிறேன், அது கணக்கே இல்லை. ஒரு கல்லூரி ஜெயித்ததா என்று தெரிய வேண்டுமானால் நான் அந்தப் பிளெக்ஸில் இல்லாத பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்றுதான் கேட்பேன். உனக்குப் பதவி கொடுத்த நிர்வாகம் உன்னிடம் அதைக் கேட்காது. அதனால் நான் கேட்கிறேன்.

உன்னை ஆயிஷாவுக்காகச் சட்டத்தை மீறச் சொல்லவில்லை. எங்கள் இரக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தவள் நான், அதை உனக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். அவள் வரவில்லை என்றால் வரவில்லை என்றே இருக்கட்டும். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவள் வீட்டுக்குப் போ. கிளார்க்கை அனுப்பாதே, டிபார்ட்மெண்ட்டில் சொல்லாதே. வள்ளியையும் கூட்டிக்கொண்டு நீ போ. பெண்பிள்ளை இருக்கும் வீடு, அவள் கூட இருந்தால் பேசுவார்கள். அவளுடைய அம்மாவுக்கு உடம்பு முடியாமல் இருக்கலாம். கல்யாணம் பேசியிருக்கலாம். பாடம் புரியாமல், உன் வாத்தியார்கள் யார் மனசும் நோகக் கூடாது என்று வீட்டிலேயே இருந்துவிட்டாளோ என்னவோ. என்னவாக இருந்தாலும் அவளைக் கண்ணால் பார்த்துவிட்டு, அவள் வாயால் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு உன் பேனாவை எடு. வீட்டில் அவள் இல்லை என்றால், செந்திலு, அன்றைக்கே தேடத் தொடங்கு. தேதி உன்னிடம் இருக்கிறது.

இதைச் செய்தால் பாண்டி திரும்பி வரப் போவதில்லை. அவனுக்குப் பரிகாரம் என்று நினைத்தும் போகாதே, அந்தப் பெண்ணுக்காகப் போ. அவன் காணாமல் போனதற்கு நீ காரணம் இல்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளை சிநேகிதனுக்குக் குரல் கொடுத்தான், அவ்வளவுதான். அதைக் கேட்டு, யாருடைய குரல் என்று தெரிந்தும் டிக் போட்டவள் மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்தாள். சம்பளம் வாங்கிக்கொண்டு இருந்தாள். உன் பாரத்தில் பெரிய பங்கு என்னுடையது. இத்தனை வருஷம் அதையும் சேர்த்து நீ தூக்கினாய். இனிமேல் என்னிடம் கொடுத்துவிடு, எனக்குத் தூக்கத் தெம்பு இருக்கிறது.

அவள் வீட்டுக்குப் போய் வந்ததும் எனக்குப் போன் செய். எவ்வளவு நேரமானாலும் சரி, விழித்திருப்பேன். வழக்கம் போல நீ பேசாமல் இருப்பாய். இந்த முறை நான் "இருக்கியா" என்று கேட்க மாட்டேன். வகுப்பில் கூப்பிட்ட மாதிரி உன் முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பேன். பாண்டி சொன்ன அதே வார்த்தையைச் சொல், அய்யா. இந்த முறை உன் குரலில் சொல்.

உன் அம்மா